போகிற தண்ணீர்: ஒரு கடற்கரை ஊரின் கழிவுநீரும் தஹாரத்துடைய சட்டமும்

ஃபிக்ஹுடைய கிதாபைத் திறந்து ஓதத் தொடங்குகிற பிள்ளைக்கு முதலில் சொல்லித் தரப்படுவது தண்ணீரின் வகைகள். தொழுகையுடைய பாடம் அதற்குப் பின்னர்தான் வருகிறது. எந்தத் தண்ணீரைக் கொண்டு ஒளுச் செய்யலாம், எது தானே சுத்தமாக இருந்தும் பிறவற்றைச் சுத்தமாக்காது, எது நஜீஸாகிவிட்டது என்று மூன்றாகப் பிரித்து ஓதுகிறோம். ஓதியபடி வாளித் தண்ணீரை முகர்ந்தும் பார்க்கிறோம். இவையெல்லாம் வீட்டுக்குள் வருகிற தண்ணீரைப் பற்றிய பேணுதல். அதே தண்ணீர் நம் முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டு, அடுக்களையையும் கழிப்பறையையும் கடந்து, வாசலுக்கு வெளியே போய்விட்டால் அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

இந்த மாதப் பாடத்தில் அப்படிப் போகிற தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கெட்டுப்போன தண்ணீர் மீண்டும் சுத்தமாகுமா? ஆகுமென்றால் எதனால் ஆகிறது? நாற்றம் தெரியாமற் போனாலே போதுமா, அல்லது நாற்றத்திற்குக் காரணமாக இருந்ததே நீங்க வேண்டுமா? இவை இன்று நேற்றுத் தோன்றிய கேள்விகளல்ல. முன்னோர்களான இமாம்கள் இவற்றை நுணுக்கமாக ஆய்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய சட்டத்தை விளங்கிக்கொள்ள எடுத்துக்காட்டு ஒன்று வேண்டும். அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஆர்க்கேட்டா என்ற சிறிய ஊரை அதற்காகத் தேர்ந்துகொண்டோம். அவ்வளவு தொலைவுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலான ஊர்களில் சாக்கடைத் தண்ணீர் மதிலுக்கு உள்ளே போகிறது, என்ன ஆகிறதென்று யாருக்கும் தெரிவதில்லை. இந்த ஊரிலோ அது மாறுகிற பெரும்பகுதி வழியைக் கரைமீது நடந்துகொண்டே கண்ணால் காண முடிகிறது. மத்ரஸாவின் கரும்பலகை போல அது நமக்குப் பயன்படும்.

ஆர்க்கேட்டா, கலிபோர்னியா மாநிலத்தின் வடகோடியில், ஹம்போல்ட் விரிகுடாவின் வட கரையில் இருக்கிறது. இப்போதும் 20,000 பேருக்கு உட்பட்ட ஊர்தான். 1980ஆம் ஆண்டில் அங்கே சுமார் 12,000 பேரே வசித்தனர். மரம் அறுக்கும் தொழில், மீன்பிடிப்பு, ஒரு பல்கலைக்கழகம் ஆகியவையே அதன் வாழ்வு. விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு பெரிய அளவில் நடைபெறுகிறது. சிப்பி தண்ணீரை உறிஞ்சி வடித்து இரை எடுக்கும் பிராணி. தண்ணீரில் கிருமி இருந்தால் அதையும் தன்னுள் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே அந்த ஊரார் கழிவுநீரை எப்படி விடுகிறார்களோ அப்படியே அது இன்னொருவருடைய தட்டுக்கு வந்து சேரும். பெருமழை பெய்தால் சில நாட்களுக்குச் சிப்பி எடுப்பதை இன்றும் நிறுத்தி வைக்கிறார்கள்.

1950களிலேயே அந்த ஊர் விரிகுடாவின் ஓரத்தில் ஏறத்தாழ 50 ஏக்கரில் கழிவுநீர்க் குளங்களை வெட்டியிருந்தது. அக்குளங்களிலிருந்து வெளியேறும் தண்ணீர் விரிகுடாவில் கலந்து வந்தது. 1974ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் ஒரு கொள்கையை வகுத்தது. விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் கழிவுநீரை விடக் கூடாது. விடுவதால் அந்த நீர்நிலைக்கு நன்மை உண்டாகும் என்று காட்டினால் மட்டுமே விடலாம் என்பது அதன் கருத்து. உடனே, சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீரையெல்லாம் ஒன்றுசேர்த்து, விரிகுடாவின் அடியே குழாய் பதித்து, ஒரே பெரிய நிலையத்தில் சுத்திகரித்து, ஆழ்கடலில் கொண்டுபோய் விடுவது என்ற திட்டம் எழுந்தது. நியாயமாகச் சொன்னால், அந்தத் திட்டத்திலும் சுத்திகரிப்பு இருந்தது. அதைக் குறைகூற முடியாது. ஆனால் செலவு மிகுதி. அந்தச் செலவையும் நிலையத்தின் மின்சாரத்தையும் சிறிய ஊர் காலமெல்லாம் சுமக்க வேண்டும்.

ஆர்க்கேட்டாவின் நகரசபை வேறொரு வழியைக் கேட்டது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மீன்வளப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஆலன் என்பவர், கழிவுநீர்க் குளத்துத் தண்ணீரையும் கடல் தண்ணீரையும் கலந்து அதில் சால்மன் மீன்குஞ்சுகளை வளர்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றுப்புறப் பொறியியல் பேராசிரியரான ராபர்ட் கியர்ஹார்ட் என்பவர், கோரை வளர்ந்த சதுப்பு நிலமே தண்ணீரைச் சுத்தப்படுத்தும் என்றார். மாநில அதிகாரிகள் எளிதில் இசையவில்லை. கடிதப் போக்குவரத்தும் விசாரணைகளும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. முடிவில் 1979 முதல் 1982 வரை சிறிய பாத்திகளில் சோதனை செய்து அளந்து காட்டினார்கள். 1986இல் முழு நிலையமும் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஃபோர்டு அறக்கட்டளை இந்த ஊருக்கு அரசாட்சியில் புதுமைக்கான பரிசை அளித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவர்கள் சதுப்பு நிலம் உண்டாக்கிய இடம் எப்படிப்பட்டது? கைவிடப்பட்ட மர ஆலைகளின் நிலமும், 1973இல் மூடப்பட்ட ஊர்க் குப்பைமேடும், அதை மூடுவதற்காக மண் தோண்டிய பள்ளமும், மேய்ச்சல் நிலமும்தான். ஊரார் முகம் திருப்பிக்கொண்டு போன இடம் அது. இன்று 307 ஏக்கர் பரப்புள்ள அந்தச் சரணாலயத்தில் 300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. ஊரார் மாலையில் உலாவ அங்கேதான் போகிறார்கள்.

தண்ணீர் நடந்து போகும் வழி

வீடுகளிலிருந்து வரும் தண்ணீர் முதலில் இரும்புக் கம்பித் தடுப்பைக் கடக்கிறது. துணி, காகிதம், குச்சி முதலியவை அங்கே நின்றுவிடும். பிறகு மணல் தங்கும் இடம். பிறகு வட்டமான பெரிய தொட்டி. தண்ணீர் அதில் அசையாமல் நிற்க, கனமானவை அடியில் படிகின்றன, எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது. படிந்த வண்டலைத் தனியே மூடிய கலத்தில் விட்டுப் புளிக்கச் செய்கிறார்கள். நம் நாட்டில் சாண எரிவாயு உண்டாகிறதே, அதே போல அங்கும் எரிவாயு உண்டாகிறது. எஞ்சிய வண்டலை உலர்த்தி எருவாக்குகிறார்கள்.

இதுவரை நடந்தது கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை எடுத்ததுதான். தண்ணீரில் கரைந்த அழுக்கு அப்படியே இருக்கிறது, நாற்றமும் போகவில்லை. அந்தத் தண்ணீர்தான் ஏக்கர்க்கணக்கான குளங்களுக்குப் போகிறது. அங்கே இயந்திரத்துக்கு அதிக வேலை இல்லை. வெயில் படுகிறது, காற்று வீசுகிறது. பாசி வளர்ந்து பிராணவாயுவை வெளியிடுகிறது. அந்தப் பிராணவாயுவைக் கொண்டு கோடானுகோடி நுண்கிருமிகள் தண்ணீரில் கரைந்துள்ள அழுக்கை உண்டு தீர்க்கின்றன. அழுக்கு வேறொன்றாக மாறிவிடுகிறது. ஒரு பகுதி கரியமில வாயுவாக, ஒரு பகுதி கிருமிகளின் உடலாக, ஒரு பகுதி பாசிக்கு உணவாக. தண்ணீர் அங்கே வாரக்கணக்கில் தங்குகிறது. அவசரப்படுத்தினால் காரியம் கெடும்.

குளத்திலிருந்து வெளிவரும் தண்ணீரில் நாற்றம் பெரிதும் குறைந்திருக்கும். ஆனால் பாசியால் பச்சையாக இருக்கும். அந்தப் பாசியைப் போக்குவதற்குத்தான் கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்பு நிலம். அடர்ந்த கோரை வெயிலை மறைக்கிறது; வெயிலில்லாத பாசி மடிந்து அடியில் படிகிறது. தண்ணீருக்குள் இருக்கும் கோரைத் தண்டு ஒவ்வொன்றிலும் வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். குளத்துப் படிக்கட்டில் வழுக்குகிறதே, அதுதான். அந்தப் படலத்தில் குடியிருக்கும் கிருமிகள் எஞ்சிய அழுக்கையும் தின்கின்றன. இப்படிச் சுத்திகரிப்புச் சதுப்பைக் கடந்த தண்ணீருக்குக் குளோரின் போட்டு நோய்க்கிருமிகளைக் கொல்வது நெடுங்காலம் அவர்கள் கையாண்ட முறை. பிறகு அது ஆலன், கியர்ஹார்ட், அந்நாளைய மேயராயிருந்த ஹவுசர் ஆகிய மூவரின் பெயர்களைத் தாங்கிய மூன்று பெரிய சதுப்பு நிலங்களில் ஓடி, திரும்பவும் நிலையத்துக்கு வந்து, குளோரின் காரம் நீக்கப்பட்டு, விரிகுடாவில் கலந்தது. குளோரினை அப்படியே விட்டால் மீனும் சிப்பியும் சாகும். ஆகவே அதை எடுப்பதும் போடுவதைப் போலவே முக்கியமானது.

நாளொன்றுக்குச் சராசரியாக 80 லட்சம் லிட்டருக்கு மேல் இவ்வாறு போகிறது. வெளியேறும் தண்ணீரில், லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு மேல் பிராணவாயுத் தேவையோ மிதக்கும் தூசியோ மாதச் சராசரியில் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க நாட்டின் பொதுவான வரம்பு. இடையூறே இல்லாத ஏற்பாடு என்று யாரும் நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் பழைய குழாய்களின் வெடிப்பு வழியே மழைநீர் புகுந்து வரத்து பல மடங்கு பெருகிவிடும். தண்ணீர் குளத்தில் தங்கும் நாள் குறையும். அது மட்டுமன்று. அந்தக் கரையோரத்தில் நிலம் தாழ்ந்து வருவதால் கடல் மட்டம் அமெரிக்க மேற்குக் கரையின் மற்ற இடங்களைவிட வேகமாக ஏறிவருவதாக அளந்திருக்கிறார்கள். தாழ்வான கரையை நம்பியிருக்கும் நிலையத்துக்கு அது பெரிய கவலைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி நமது பாடத்துக்கு வருவோம். மதீனாவில் புளாஆ என்ற ஒரு கிணறு இருந்தது. ஊர்க் கழிவுகள் விழக்கூடிய தாழ்வான இடத்தில் அது இருந்ததால் அதன் தண்ணீரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. தண்ணீர் சுத்தமானது, எதுவும் அதை அசுத்தப்படுத்தாது என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள். ஹதீஸ் நூலாசிரியரான இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் இதைப் பதிவு செய்ததோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் அந்தக் கிணற்றுக்கே போய்த் தம் மேலாடையை விரித்து அகலத்தை அளந்து ஆறு முழம் இருக்கக் கண்டார்கள். கட்டடம் முன்பிருந்ததிலிருந்து மாற்றப்பட்டதா என்று தோட்டத்துக் காவலரிடம் விசாரித்தார்கள். சட்டம் சொல்வதற்கு முன்னால் இடத்தை அளந்து பார்க்கிற இந்தப் பழக்கத்தை எண்ணி நாம் வியக்கிறோம். ஆர்க்கேட்டாவில் பாத்தி வெட்டி மூன்றாண்டு அளந்தவர்களுடைய பழக்கமும் ஏறத்தாழ இதுதானே!

எதுவும் அசுத்தப்படுத்தாது என்றால் எல்லையே இல்லையா? உண்டு. நஜீஸால் தண்ணீரின் நிறம், சுவை, வாடை இவற்றுள் ஒன்று மாறிவிட்டால், தண்ணீர் எவ்வளவாயிருந்தாலும் நஜீஸ்தான். இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மாறாத நிலையில்தான் அளவு பார்க்கப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது நீளம் அகலம் ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழமுள்ள தொட்டி கொள்ளும் தண்ணீர். இக்காலக் கணக்கில் ஏறக்குறைய 200 லிட்டர். அதற்குக் குறைந்த தண்ணீர் நஜீஸ் பட்டவுடனேயே கெடும். ஹனஃபீ மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள தடாகம் ஓடுகிற தண்ணீரின் சட்டத்தைப் பெறும். மாலிகீ மத்ஹபிலோ அளவு பார்க்காமல் மாற்றத்தையே பார்க்கிறார்கள்.

ஆர்க்கேட்டாவின் வட்டத் தொட்டியிலுள்ள தண்ணீரை இந்தச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான லிட்டர் இருக்கிறது. இரண்டு குல்லத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. ஆயினும் அது நஜீஸே. நிறமும் வாடையும் மாறியிருக்கும்போது அளவு கைகொடுக்காது.

அப்படி மாறிவிட்ட பெருந்தண்ணீர் எப்போது சுத்தமாகும்? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கான மஸ்அலா இருக்கிறது. நமது இந்தப் பாடத்தின் உயிர்நாடி அங்கேதான் உள்ளது. மாற்றம் தானாகவே நீங்கிவிட்டால், அல்லது வேறு தண்ணீர் சேர்ந்ததால் நீங்கிவிட்டால், அந்தத் தண்ணீர் சுத்தமாகிவிடும். கஸ்தூரியோ குங்குமப்பூவோ போட்டு நீங்கியதென்றால் சுத்தமாகாது. மண்ணும் சுண்ணமும் போட்டாலும் அப்படியே என்பதுதான் வலுவான கருத்து.

ஏன் இந்த வேறுபாடு? கஸ்தூரி போட்ட தண்ணீரில் நாற்றம் தெரியவில்லை. ஆனால் அது போய்விட்டதா, கஸ்தூரியின் மணத்துக்குள் ஒளிந்திருக்கிறதா? சொல்ல முடியாது. குங்குமப்பூ போட்டால் நிறத்தைக் குறித்தும் அதே ஐயம். மண் கலக்கிய தண்ணீரில் எதுவுமே தெரியாது. ஐயம் இருக்கும்வரை பழைய சட்டமே நிலைக்கும். அதே சமயம் உரையாசிரியர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள்: போட்ட மண் அடியில் படிந்து, தண்ணீர் தெளிந்து, மூன்று தன்மைகளிலும் மாற்றம் இல்லை என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் அப்போது அது சுத்தமே. மண் விழுந்தது குற்றமல்ல. அது எதையும் மறைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் கருத்து.

இந்த மஸ்அலாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குளக்கரையில் நடந்து பாருங்கள். வெயில், காற்று, நாள், பாசி, நுண்கிருமி இவற்றால் மாற்றம் நீங்குவது, தானாக நீங்குதல் என்ற வகைக்கு மிக நெருக்கமானது. யாரும் மணப்பொருள் தூவவில்லை. அழுக்கு உண்ணப்பட்டு வேறு பொருளாகிவிட்டது. குளோரினுக்கு ஒரு காரமான வாடை உண்டல்லவா, அது கஸ்தூரியைப் போன்றதாகாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நாறுகிற தண்ணீரில் குளோரினைக் கொட்டி நாற்றத்தை அமுக்கினால் கஸ்தூரியின் சட்டம்தான் பொருந்தும் என்பது நமது கருத்து. ஆனால் முறையான நிலையத்தில் அது கடைசியில், நாற்றம் நீங்கிய பிறகு, கிருமியைக் கொல்லவே போடப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆர்க்கேட்டாவின் தண்ணீர் குடிப்பதற்கோ குளிப்பதற்கோ தயாரிக்கப்படுவதல்ல. விரிகுடாவில் விடுவதற்குரிய தரத்துக்கே தயாரிக்கப்படுகிறது. சதுப்பிலிருந்து வரும் தண்ணீரில் தேநீரின் சாயல் இருப்பதுண்டு. பாசியாலும் இலைதழையாலும் வந்த நிறம் தஹாரத்துக்குக் கேடல்ல. ஆனால் அந்த நிறத்தில் எவ்வளவு இலையுடையது, எவ்வளவு பழைய அழுக்குடையது என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே அதில் ஒளுச் செய்யலாம் என்று இங்கிருந்து தீர்ப்பளிக்க நாம் துணியவில்லை. முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட தண்ணீரைப் பற்றித்தான் உலமாக்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

அவற்றுள் இரண்டு முக்கியமானவை. சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை ஹிஜ்ரீ 1398ஆம் ஆண்டு, அதாவது 1978இல், இதை ஆராய்ந்தது. பின்னர் மக்காவில் ராபித்தாவின் ஃபிக்ஹுச் சபை 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூடி, ரசாயன வல்லுநர்களிடம் விளக்கம் கேட்டு முடிவு செய்தது. படியவைத்தல், காற்றூட்டல், கிருமி நீக்கல், குளோரின் இடுதல் ஆகிய படிகளைக் கடந்து, நிறம், சுவை, வாடை மூன்றிலும் நஜீஸின் அடையாளம் எஞ்சாமல் தண்ணீர் தன் பழைய இயல்புக்குத் திரும்பிவிட்டால், அது சுத்தமானது, ஒளுவுக்கும் கடமையான குளிப்புக்கும் ஆகும் என்பது முடிவு. 1989ஆம் ஆண்டுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். மூத்த உலமாக்கள் சபையும், வேறு தண்ணீர் கிடைக்கும்போது குடிப்பதற்கு இதைத் தவிர்ப்பது நல்லது என்றது. உடலுக்குத் தீங்கு வரலாம், மனமும் அருவருக்கும் என்பதே காரணம். நஜீஸ் என்பதற்காக அல்ல.

மனம் அருவருப்பது வேறு, ஷரீஅத் நஜீஸ் என்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீடுகளில் பல சச்சரவுகள். சளி அருவருப்பானது, நஜீஸல்ல. மணமூட்டிய மதுவோ சிலருக்கு அருவருப்பைத் தராது. ஆனாலும் நான்கு மத்ஹபுகளின் நம்பத் தகுந்த கூற்றின்படி நஜீஸ்.

மீன், எரு, நம் வீட்டுக் கிணறு

கழிவுநீரில் வளர்ந்த மீனை உண்ணலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். பேராசிரியர் ஆலனின் மீன்குஞ்சுகள் கடலுக்குப் போய் வளர்வதற்காக விடப்பட்டவை. குளத்திலிருந்து நேரே சட்டிக்குப் போகவில்லை. ஆயினும் கேள்வி நியாயமானது. அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணிக்கு ஜல்லாலா என்று பெயர். அதன் இறைச்சியில் அந்த வாடை தெரிந்தால் உண்பது மக்ரூஹ் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் முடிவு. ஹராம் என்றவர்களும் உண்டு. நல்ல தீனி கொடுத்து வைத்திருந்து வாடை நீங்கினால் தடை நீங்கும். கோழியை மூன்று நாள் கட்டிவைத்துத் தீனி போட்டு அறுக்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததே. இங்கும் வாடை நீங்க வேண்டும் என்றுதான் சொன்னார்களே தவிர, மசாலாவை அதிகமாகப் போட்டு மறைக்கச் சொல்லவில்லை. சிப்பியைப் பொறுத்தவரை ஷாஃபிஈ மத்ஹபில் கூடும், ஹனஃபீ மத்ஹபில் மீன் அல்லாத கடற்பிராணிகள் கூடா என்பதை அவரவர் அறிவார்கள்.

வண்டல் எருவைப் பயிருக்கு இடுவதும் ஆகுமானதே. நஜீஸ் எருவில் முளைத்த பயிர் நஜீஸாவதில்லை. எரு நேரே பட்ட இலையையும் காயையும் கழுவினால் போதும். ஹனஃபீ நூல்களில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்துப்படி, அசுத்தம் எரிந்து சாம்பலாகவோ உப்பாகவோ முற்றிலும் மாறிவிட்டால் அது வேறொரு பொருளாகிவிடுகிறது, பழைய சட்டம் அதற்கில்லை.

நமது கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் மணற்பாங்கான நிலம். ஒரே மனையில் ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் கழிப்பறைத் தொட்டி. கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்பதையும் ஹனஃபீ நூல்கள் பேசுகின்றன. சிலர் ஐந்து முழம், சிலர் ஏழு முழம் என்றனர். நிலத்தின் இறுக்கத்துக்கும் இளக்கத்துக்கும் ஏற்ப அது மாறும், கிணற்றில் அடையாளம் தெரிகிறதா என்பதே முடிவு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மணல் மிக இளக்கமான நிலம். இக்காலச் சுகாதார நூல்கள் 50 அடியாவது விடச் சொல்கின்றன. ஒளுவுக்கு ஆகும் தண்ணீரெல்லாம் குடிக்க ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. வாடையோ நிறமோ சுவையோ மாறாத கிணற்றுத் தண்ணீரிலும் காலரா, காமாலை போன்ற நோய்களின் கிருமி இருக்கக்கூடும். அதைக் காய்ச்சிக் குடிப்பது உயிரைப் பேணும் கடமையைச் சேர்ந்தது.

தேங்கிநிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்கள் தண்ணீர் எடுக்கும் துறையிலும் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் மலங்கழிப்பது பிறருடைய சாபத்தைத் தேடித்தரும் என்று எச்சரித்தார்கள். அந்த மூன்று இடங்களும் பொதுமக்களுக்குரியவை. நம் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து தெரு ஓடையில் கலந்து கடற்கரைக்குப் போகிறதென்றால், நேரே அங்கே போய்க் கழிக்கவில்லை என்ற சமாதானம் எந்த அளவுக்கு நிற்கும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நம்மைக் கேட்டால், குழாயின் நீளம் மட்டும்தான் வித்தியாசம் என்போம்.

அடுக்களையில் சில பேணுதல்கள் வேண்டும். மீதமான எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குழாயினுள் அது உறைந்து அடைத்துவிடுகிறது. பழைய மருந்து, வர்ணம், மண்ணெண்ணெய் ஆகியவை அழுக்கைத் தின்னும் கிருமிகளையே கொன்றுவிடும். துணி, பஞ்சு முதலியவற்றைக் கழிப்பறையில் போடுவதும் கூடாது. ஆர்க்கேட்டாவின் கம்பித் தடுப்பாவது அவற்றை நிறுத்திக்கொள்கிறது, நம் வீட்டுத் தொட்டிக்கு அதுவும் கிடையாது.

ஒளுச் செய்த தண்ணீரைக் கழிப்பறைத் தொட்டியில் கலக்கவிடாமல் தனியே விடுவது எளிது. பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்திலிருந்து தென்னை மரத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும். கடமையான ஒளுவில் பயன்பட்ட அந்தத் தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் முஸ்தஃமல், அதாவது தானே சுத்தமானது, ஆனால் மீண்டும் ஒளுவுக்கு ஆகாதது. அதைத் தொட்டியில் சேர்த்து இரண்டு குல்லத்தை எட்டிவிட்டால், திரும்பவும் ஒளுவுக்கு ஆகும் என்பதே மத்ஹபில் சரியான கூற்று. சோப்பு நுரை கலந்து தண்ணீர் என்ற பெயரே மாறுமளவுக்கு ஆகியிருந்தால் அது மரத்துக்கு மட்டுமே.